ஒன்றாம் தேதிக்காரர்களின் கோப்பு

ரன்ன, போர்ன்ஹோல்ம் தீவு
12 பிப்ரவரி 2006

தோரா,

அம்மாவைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் பேசியதுதான் நாம் கடைசியாகப் பேசியது. நான்கு வருடம் ஆகிறது. இந்தக் கடிதத்தைப் பார்த்து நான் மனம் இளகிவிட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு ஒரு பொருள் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

என் இடது இடுப்பு மூட்டு போய்விட்டது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதால் இத்தனை நாள் ஓட்டினேன். இப்போது நாற்காலியிலிருந்து எழவே மேஜையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார் அறுவை மருத்துவர். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல இந்த இடுப்புல என்ன நோய் வந்துச்சு?" என்று கேட்டார்.

"தெரியாது டாக்டர். நாலே முக்கால் வயசுல ஒரு கடலோர ஆஸ்பத்திரியில பதினாலு மாசம் போட்டு வச்சிருந்தாங்க. ஏன்னு யாரும் எனக்குச் சொல்லல."

"அது காசநோயா இருந்தா, நான் கத்தி வச்சதும் உள்ள தூங்கிட்டிருக்கிறது முழிச்சுக்கும். முதல்லயே மாசக்கணக்குல மருந்து கொடுக்கணும். வேற ஏதாவதுன்னா அந்த மருந்து உங்க கல்லீரலுக்கு வீண் தண்டனை. பழைய ஃபைலைக் கொண்டாங்க. அதுவரைக்கும் நான் தொட மாட்டேன்."

அந்த ஆஸ்பத்திரியை இழுத்து மூடி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். அங்கே மாதத்தின் ஒன்றாம் தேதியில் பிறந்தவர்களின் கோப்புகளை மட்டும் ஆராய்ச்சிக்கு மாதிரியாக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்துவிட்டார்களாம். நான் பிறந்தது ஆகஸ்ட் 31, இரவு பதினொன்று நாற்பது. நீ பிறந்தது செப்டம்பர் 1, பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு உனக்குப் பரிசு, முந்திக்கொண்டதற்கு எனக்கு ஒன்றுமில்லை. நம் வீட்டில் எப்போதும் நடப்பதுதான்.

ஆனால் அம்மாவின் வீட்டைக் காலி செய்தது நீ ஒருத்தி. ஊர் டாக்டரிடம் முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்து அவருடைய அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்ததும் நீதான். என் காகிதங்கள் எங்கே?

ரக்னா


லெம்விக்
21 பிப்ரவரி 2006

ரக்னா,

உன் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டே தபால்காரர், "யாரு கோர்ட்டுக்கு இழுக்கறது?" என்று கேட்டார். "கூடப்பிறந்தவ" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடம் கழித்து உடன்பிறந்தவளுக்கு எழுதுகிற முதல் கடிதத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டுமா?

உன் காகிதம் எதுவும் என்னிடம் இல்லை. டாக்டர் ஓய்வுபெற்றபோது எல்லா அட்டைகளையும் பெட்டியில் கட்டி, முத்திரை வைத்து மேலிடத்துக்கு அனுப்பியவள் நான். உன் அட்டையைப் பார்த்தேனா என்று கேட்பாய். பார்த்தேன். பார்க்கக் கூடாது. அத்தனை வருடத்தில் அனுமதியில்லாமல் நான் பிரித்த ஒரே அட்டை அதுதான். 1953-இல் தட்டம்மையோடு தொடங்குகிறது, அதற்கு முன் ஒரு வரிகூட இல்லை. அவர் நம் ஊருக்கு வந்ததே அந்த வருடம்தான்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். எதற்கு இது? இடுப்புக்குத்தானா? சின்ன வயதில் ஆஸ்பத்திரியிலும் விடுதியிலும் கிடந்தவர்கள் இப்போது வக்கீலைக் கூட்டிக்கொண்டு டிவியில் வருகிறார்கள். செத்துப்போன அம்மாவைக் கூண்டில் ஏற்றுவதற்குத்தான் காகிதம் தேடுகிறாய் என்றால், என்னிடம் வராதே. கடைசி ஆறு வருடம் அவளைக் குளிப்பாட்டியவள் நான்.

தோரா


ரன்ன
4 மார்ச் 2006

தோரா,

பதிவுத் தபாலில் ஏன் அனுப்பினேன் என்றால், "உன் கடிதம் வரவே இல்லையே" என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நீ எனக்கு எழுதியதாகச் சொன்னாயே, அந்தக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை.

வக்கீல் இல்லை. இடுப்புதான். இடுப்பு மட்டும்தானா என்று நீ கேட்பதால் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை.

அந்த ஆஸ்பத்திரியில் என்னை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டுக் கட்டிலோடு வார்களால் பிணைத்திருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் ஒரு நாளும் வரவில்லை. கடைசி வசந்தத்தில் கட்டைப் பிரித்தார்கள், நடக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரிகள் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போனார்கள். அப்போது இரண்டு நர்ஸுகள் படுக்கை விரித்துக்கொண்டே பேசினார்கள். "இந்தச் சின்னப் பொண்ணும் போகலாமே?" "போகலாம்தான். அவ அம்மாவுக்கு இப்போ வேண்டாமாம்."

இதை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஐந்தரை வயதில் கேட்டது. அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்தது எதையும் அந்த வாக்கியத்தை வைத்துத்தான் பார்த்தேன். இரண்டு பேரை வளர்க்க அவர்களால் முடியவில்லை, ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள். எனக்கு நோய் என்பதே ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன்.

பிறந்தநாளைப் பார். ஊரில் எல்லா வீட்டிலும் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றுவார்கள், நம் தோட்டத்துக் கம்பத்தில் அப்பா ஏற்றியது என்றைக்கு? ஒன்றாம் தேதி. உன் நாள். "அடுத்தடுத்து ரெண்டு நாள் ஏத்தினா ஊர் சிரிக்கும், ரெண்டு பேரும் என் ஒண்ணாந்தேதிப் பொண்ணுங்க" என்பார். சூரியன் சாய்வதற்குள் ஓடிப்போய் இறக்குவார், ராத்திரி பறக்கிற கொடி சாத்தானுக்கு ஏற்றிய கொடியாம். முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி பதினொன்று நாற்பதுக்குக் கம்பம் மொட்டையாக நிற்கும். நான் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்.

மூத்தவள் என்று எனக்கு இருந்த ஒரே சலுகை, மாலையில் அப்பா கறந்ததும் தகரக் குவளையில் தரும் முதல் பால். நுரையோடு, சூட்டோடு. "பெரியவளுக்குத்தான் முதல்ல" என்று என்னைக் கூப்பிடுவார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அம்மா சாகும்போது உன்னிடம் சொல்லியிருப்பாள். நீ மறைக்கிறாய்.

ரக்னா


லெம்விக்
19 மார்ச் 2006

ரக்னா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபப்படத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை.

அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே எழுந்துபோய்க் காபி போடுவாள். ஆனால் எனக்கே தெரிந்த ஒன்று இருக்கிறது. அம்மா வந்தாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, விடியற்காலை ரயிலில். என்னை ரொட்டிக்கடைக்காரி வீட்டில் விட்டுவிட்டுப் போவாள், எனக்கு வெண்ணெய் தடவிய ரஸ்க் கிடைக்கும், அதனால்தான் நினைவிருக்கிறது. திரும்பி வந்து என்னைத் தூக்க மாட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்திருப்பாள்.

"அக்கா என்ன சொன்னா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அவ என்னைப் பார்க்கக் கூடாதாம். பார்த்தா அழுவாளாம், அழுதா காய்ச்சல் ஏறுமாம்" என்றாள். அவ்வளவுதான்.

நீ நம்ப மாட்டாய், ஆதாரம் கேட்பாய். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு நான்கு வருடமாக உறுத்துகிறது. வீட்டைக் காலி செய்தபோது இருமல் மிட்டாய் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே முழுக்கப் பழைய ரயில் டிக்கெட், ஓட்டை போட்ட சின்னச் சின்ன அட்டைகள். குப்பை என்று நினைத்து அடுப்பில் போட்டேன். எந்த ஊர் டிக்கெட் என்று பார்க்கவில்லை. அன்று உன் மேல் கோபமாக இருந்தேன். நீ ஒரு நாள்கூட உதவிக்கு வரவில்லை.

தோரா


ரன்ன
27 மார்ச் 2006

தோரா,

எவ்வளவு வசதி. ஆதாரம் இருந்ததாம், அது எரிந்துவிட்டதாம். கவுண்டரில் தினம் நாலு பேர் இப்படித்தான் சொல்கிறார்கள்: "டிக்கெட் வாங்கினேன் மேடம், காத்துல பறந்துடுச்சு." நான் அவர்களைக் கப்பலில் ஏற்றுவதில்லை.

ஒரே வழிதான் இருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு நோய் என்றால் உன்னையும் அங்கே சோதித்திருப்பார்கள். நீ ஒன்றாம் தேதிக்காரி, உன் காகிதம் ஏதாவது இருந்தால் அழித்திருக்க மாட்டார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும். உன் பெயரில் காப்பகத்துக்கு எழுது. வருகிற உறையைப் பிரிக்காமல் எனக்கு அனுப்பு.

ரக்னா


லெம்விக்
2 மே 2006

ரக்னா,

என்னுடைய மருத்துவக் காகிதத்தை நானே பிரிக்காமல் உனக்கு அனுப்ப வேண்டும்! இந்தத் துணிச்சல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே திட்டினேன். பிறகு எழுதிப் போட்டேன்.

போன வாரம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயது இருக்கும்.

"1946 செப்டம்பர் ஒண்ணுல பிறந்தவங்க, உங்க அப்பா பேரு, உங்க பண்ணை பேரு, எல்லாம் ஒத்துப்போற மாதிரி ஒரு ஃபைல் இருக்கு. நல்ல தடிமன்."

"அப்போ அனுப்பிடுங்க" என்றேன்.

"ஒரு சிக்கல். உங்க பேரு தோராதானே?"

"ஆமா."

"ஃபைல்ல ரக்னான்னு இருக்கு."

ரக்னா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிட்டது. உன்னைச் சேர்க்கும்போது பிறந்த தேதி என்ன என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள். அவர் கொடி ஏற்றுகிற தேதியைச் சொல்லியிருக்கிறார். வேறு என்ன சொல்வார்? அந்தக் காலத்தில் அடையாள எண்ணும் கிடையாது, தேதிதான் எல்லாம்.

"அது எங்க அக்கா, அவளுக்கு அனுப்புங்க" என்று கெஞ்சினேன். அவள் மசியவில்லை. பெயர் என்னுடையது இல்லை, அதனால் எனக்குத் தர முடியாது. தேதி உன்னுடையது இல்லை, அதனால் உனக்கும் தர முடியாது. ஐம்பத்தைந்து வருடமாக அந்த ஃபைல் நம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாமல். தேவாலயப் பதிவேட்டிலிருந்து நம் இருவரின் பிறப்புப் பதிவும் வேண்டும், ஒரே ஃபாரத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவுகளைப் பாதிரியாரிடம் வாங்கிவிட்டேன். ஃபாரம் இத்துடன் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையதைப் போட்டு நேராகக் காப்பகத்துக்கு அனுப்பு.

தோரா


ரன்ன
11 மே 2006

தோரா,

ஃபாரம் கிடைத்தது. "நகல் அனுப்ப வேண்டிய முகவரி" என்ற இடத்தில் உன் முகவரியை எழுதியிருக்கிறாய். ஏன்? நான் படிப்பதற்கு முன் நீ படிக்க வேண்டும், வேண்டாத பக்கத்தை உருவ வேண்டும், அதற்குத்தானே?

உன் முகவரியை அடித்துவிட்டு என் முகவரியை எழுதி, நேற்றே அனுப்பிவிட்டேன். அப்பா தேதி சொன்ன கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஃபைல் கைக்கு வரும்வரை அதையும் கதை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ரக்னா


லெம்விக்
30 மே 2006

ரக்னா,

அடித்துத் திருத்திய ஃபாரம் செல்லாதாம். எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் சந்தேகத்துக்கு மூன்று வாரம் போனது.

என் முகவரியை எழுதியதற்குக் காரணம், முதலில் விண்ணப்பம் போட்டவள் நான், காப்பகத்திடம் இருப்பதும் என் முகவரிதான். முப்பத்தொரு வருடம் ஃபாரம் நிரப்பிய கை, பழக்கத்தில் எழுதிவிட்டது.

புது ஃபாரம் இத்துடன். கையெழுத்தைத் தவிர நான் எதையும் எழுதவில்லை. மற்றதை நீயே நிரப்பு. அப்புறம், காப்பகத்துப் பெண் இப்போது என் குரலைக் கேட்டாலே பெருமூச்சு விடுகிறாள்.

தோரா


ரன்ன
8 ஜூலை 2006

தோரா,

நகல் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று பக்கம். உறையைப் பிரித்து, ஒரு கெண்டி காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் என் பெயர். பக்கத்தில் "பிறந்த தேதி 1 செப்டம்பர் 1946". ஆக, அது கதை இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதி லத்தீன், பாதி கோழி கிளறிய மாதிரி எழுத்து. ஒவ்வொரு நர்ஸும் ஒரு மாதிரி கிறுக்கியிருக்கிறாள். "தாய்" என்ற சொல் மட்டும் அங்கங்கே தெரிகிறது. முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. அறுவை மருத்துவரிடம் கொடுத்தால் இடுப்பைப் பற்றி மட்டும்தான் படிப்பார். தாயைப் பற்றி அவர் படிக்க மாட்டார்.

டாக்டர் கையெழுத்தை முப்பத்தொரு வருடம் படித்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான் இருக்கிறாள். அதனால் உனக்கு அனுப்புகிறேன். எல்லாப் பக்கத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன், பக்க எண்ணும் போட்டிருக்கிறேன். நீ எழுதுகிற ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க எனக்கு ஆள் கிடைக்கும். அங்கே என்ன இருக்கிறதோ அதை எழுது. எனக்கு ஆறுதலாக இருக்குமென்று எதையும் சேர்க்காதே, விடவும் செய்யாதே.

பயமாக இருக்கிறது, தோரா. சீக்கிரம் எழுது.

ரக்னா


லெம்விக்
17 ஜூலை 2006

அக்கா,

இருபத்தைந்து நிமிடம்தான் என்றாலும் அக்கா அக்காதான். நான்கு நாள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கிறதை இருக்கிறபடி எழுதுகிறேன்.

பக்கம் 1, 2. சேர்த்தது 1951 ஜூன் 11. இடது இடுப்பு மூட்டில் காசநோய், மாட்டிலிருந்து வந்த வகை. இது சாக்கு இல்லை, நிஜமான நோய். சீழ் எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இந்த இரண்டு பக்கத்தையும் இன்றே உன் மருத்துவருக்குத் தொலைநகலில் நானே அனுப்பியிருப்பேன், உன்னைக் கேட்காமல் செய்தால் நீ சந்தேகப்படுவாய் என்று விட்டுவிட்டேன். நீயே அனுப்பு.

பக்கம் 3. "தந்தை கூறுவது: தன் மாட்டிலிருந்து கறந்த பச்சைப் பாலை மாலைதோறும் இந்தக் குழந்தைக்கு முதலில் தானே கொடுத்ததாக. தந்தை மிகவும் மனம் உடைந்திருக்கிறார்." கீழே அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தில் அந்தக் குவளையைப் படித்தது என் தலையிலேயே நிற்கிறது. அவர் ஏன் அதை நிறுத்தினார், அம்மா ஏன் எழுந்துபோய்க் காபி போட்டாள் என்று இப்போது தெரிகிறது. அவரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பக்கம் 9. "1 செப்டம்பர். நோயாளியின் ஐந்தாவது பிறந்தநாள். தட்டில் காகிதக் கொடியும் கேக்கும் வைக்கப்பட்டன. இன்று இல்லை, நேற்றுதான் என்று சொல்லி அழுது கேக்கைத் தள்ளிவிட்டாள். பிடிவாதக்காரி." படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். கட்டிலில் கட்டிப்போட்டும் தேதியை விட்டுக்கொடுக்கவில்லையே நீ!

அடுத்த வரி. "2 செப்டம்பர், ஞாயிறு. தாய் வந்தார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார். நோயாளிக்குத் தெரிவிக்கப்படவில்லை." இந்த வரி இப்படியே இருபத்தெட்டு தடவை வருகிறது. தேதியெல்லாம் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், உன் நகலோடு ஒத்துப்பார். ஒரு ஜனவரி ஞாயிறில் மட்டும் கூடுதலாக: "தாய் இரண்டு மணி நேரம் நின்றார். ரயில் நேரம் நினைவூட்டப்பட்டது."

பக்கம் 37. இதை நான் விட்டிருக்கலாம். உன்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது என்பதால் எழுதவில்லை, நீ கேட்டாய் என்பதால் எழுதுகிறேன். "28 ஏப்ரல் 1952. நோயாளி வீடு திரும்பத் தகுதி. தந்தை உடனே அழைத்துச் செல்ல விரும்புகிறார். தாய் மறுக்கிறார். மேலும் சில மாதங்கள் வைத்துக்கொள்ளக் கோருகிறார்."

நீ கேட்டது சரிதான். நர்ஸ் பொய் சொல்லவில்லை.

ஆனால் பக்கம் 38-ம் இருக்கிறது. கால்நடை மருத்துவரின் கடிதம், ஊசியில் குத்திச் சேர்த்திருக்கிறார்கள். நம் தொழுவத்தில் இன்னும் ஏழு மாட்டுக்கு நோய் இருக்கிறது, ஒவ்வொன்றாக வெட்டி அகற்றித் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்து முடிக்க ஆகஸ்ட் ஆகும் என்று. அதன் கீழே தலைமை நர்ஸ் எழுதியிருக்கிறாள்: "தாய் கூறுவது: கடைசி மாடு போகும்வரை என் பிள்ளையை அந்த வீட்டுக்குள் விட மாட்டேன்." கடைசி மாடு போனது ஆகஸ்ட் 9. உன்னைக் கூட்டி வந்தது ஆகஸ்ட் 11.

இனி என் சந்தேகம் ஒன்று. அந்தத் தொழுவம் உனக்கு ஆகாது என்றால், எனக்கு மட்டும் ஆகுமா? அந்த ஏழு மாட்டோடு என்னை வைத்திருந்தார்களே! நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு உம்மென்று இருந்தேன். இன்று காலையில் பக்கம் 40-இல் ஒரு ஓரக்குறிப்பு கண்ணில் பட்டது. "இரட்டைச் சகோதரி, மூன்றாவது சோதனை, தாயின் வற்புறுத்தலால். நோய் இல்லை. தாய் நான்காவது முறையும் கேட்கிறார்." கையில் அந்த ஊசி குத்தியது எனக்கு நினைவிருக்கிறது. சர்க்கரை திருடியதற்குத் தண்டனை என்று நினைத்தேன். ஆடை படிந்த கொதித்த பாலை மூக்கைப் பிடித்து அம்மா புகட்டியதும் அப்போதுதான். அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்திருந்தேன். அவள் என்னை அனுப்ப இடம் இல்லாமல், பாலைக் காய்ச்சிக் காய்ச்சி நாளைத் தள்ளியிருக்கிறாள்.

அந்த டிக்கெட்டுகளை எரித்ததற்கு மன்னித்துவிடு.

தோரா


ரன்ன
6 ஆகஸ்ட் 2006

என் தோராவுக்கு,

நீ எழுதியதை இங்கே ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடம் காட்டி, வரிக்கு வரி சரிபார்த்தேன். செய்வேன் என்று சொன்னேன், செய்தேன். அவர் படித்துக்கொண்டே வந்து, "இந்த அம்மா யாரு? ஒரு எழுத்துகூட மாத்தல" என்றார். "என் தங்கச்சி" என்றேன். சொல்லி எத்தனை வருடம் ஆகிறது.

மருந்து ஆரம்பித்துவிட்டது. சில மாதம் சாப்பிட்ட பிறகு குளிர்காலத்தில் மூட்டை மாற்றுகிறார். "பக்கம் ஒண்ணும் ரெண்டும் இல்லன்னா நான் தொட்டிருக்க மாட்டேன். வசந்தத்துல நீங்க சக்கர நாற்காலியில இருந்திருப்பீங்க" என்றார். நான் முப்பத்தொன்றாம் தேதி பிறந்தவள் என்று அப்பா சரியாகச் சொல்லியிருந்தால், மற்ற கோப்புகளோடு என்னுடையதும் சாம்பலாகியிருக்கும். என் நாளை எடுத்து உன்னோடு சேர்த்துவிட்டார் என்று அறுபது வருடம் அவரைத் திட்டினேன். அதில்தான் என் கோப்பு பிழைத்திருக்கிறது. இதற்காக அவருக்கு நன்றி சொல்வேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. குவளைக்காக அவரைக் கோபிக்கவும் முடியவில்லை.

அம்மா மேல்தான் கோபம் தீரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், காய்ச்சல் ஏறியிருக்கும், ஆனால் வந்தாள் என்று தெரிந்திருக்கும். அந்த ஜனவரி ஞாயிறை மட்டும் தினம் எடுத்துப் படிக்கிறேன்.

நமக்கு அறுபது வருகிறது. கப்பல் டிக்கெட் இத்துடன் வைத்திருக்கிறேன், ஆகஸ்ட் 30-க்கு. பிறந்த தேதியை நானே நிரப்பினேன். ஒரு தடவை சரிபார்த்துக்கொள், நம் குடும்பத்தில் அதில் தவறு வரும்.

என் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கொடிக்கம்பம் இருக்கிறது. முப்பத்தொன்றாம் தேதி காலையில் நான் ஏற்றுவேன். அன்று மாலை யார் என்ன சொன்னாலும் இறக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப் பார்த்து, "சாத்தானுக்கா ஏத்தியிருக்கீங்க?" என்று கேட்பார், கேட்கட்டும். பதினொன்று நாற்பதுக்கும் அது பறக்கட்டும், பன்னிரண்டு ஐந்துக்கும் பறக்கட்டும். கம்பத்தின் கயிற்று முடிச்சு கீழே இருக்கிறது, என்னால் குனிய முடியாது. ஒன்றாம் தேதி மாலை நீதான் அவிழ்க்க வேண்டும்.

ரக்னா